ஆந்தையின் அடியில் ஒரு துளை

போன வருடம் ஒரு அலுவலகத் தோழியின் வீட்டு அலமாரியில் விரல் நீளத்துக்கு ஒரு களிமண் கரடியைப் பார்த்தேன். அதிலிருந்து வந்த கிறுக்குதான் இந்தப் பயணம். "நியூ மெக்சிகோவில் வாங்கினது, அதுக்கு ஏதோ அர்த்தம் இருக்கு, மறந்துட்டேன்" என்றாள். அந்த 'ஏதோ' மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. வீட்டுக்காரருக்கு மண் பொம்மையில் அக்கறை கிடையாது. ஆனால் வண்டி ஓட்டுவது பிடிக்கும். போதாதா? அமெரிக்காவின் தென்மேற்கில் இருக்கும் அந்த மாநிலத்துக்குக் கிளம்பிவிட்டோம்.

செப்டம்பர் 18, புதன் – ஆல்புகர்க்கி

இறங்கிய ஒரு மணி நேரத்தில் மூக்கு காய்ந்து உள்ளே கீறல் விழுந்த மாதிரி எரிந்தது. வெயில் அப்படியொன்றும் அதிகமில்லை, காற்றில்தான் சொட்டு ஈரம் கிடையாது. தண்ணீர் பாட்டிலைக் கையிலேயே வைத்திருங்கள் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். கேட்கவில்லை, பட்டோம்.

ஒரு மளிகைக்கடை வாசலில் கம்பிவலை உருளையில் பச்சை மிளகாயை மூட்டையாகக் கொட்டி, கீழே கேஸ் தீயைச் சீறவிட்டுச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். இந்த ஊரில் இதுதான் அதற்கான பருவம். தோல் கருகும் வாசனை தெருமுனை வரை வந்தது. சாப்பிட உட்கார்ந்ததும் பரிமாறும் பெண் கேட்டது ஒரே கேள்வி: "சிவப்பா, பச்சையா?" மிளகாய்க் குழம்பைத்தான் கேட்கிறார். இரண்டும் வேண்டுமென்றால் 'கிறிஸ்துமஸ்' என்று சொல்ல வேண்டுமாம். சொன்னோம். நம் நாக்குக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்று அள்ளிப் போட்ட வீட்டுக்காரர், மூன்றாவது வாயில் பேச்சை நிறுத்திவிட்டார்.

மதியம் இந்தியன் புவெப்லோ கலாச்சார மையம். புவெப்லோ என்பது ஸ்பானிய மொழியில் கிராமம். ஸ்பானியர்கள் வந்தபோது கல்லிலும் மண்ணிலும் அடுக்கு வீடு கட்டி, சோளம் பயிரிட்டு, ஊராக வாழ்ந்த பூர்வகுடிகளை அந்தப் பெயரால் அழைத்தார்கள். இன்றைக்கு நியூ மெக்சிகோவில் 19 புவெப்லோக்கள். எல்லோருக்கும் ஒரே மொழிகூடக் கிடையாது. அதில் ஜூனி என்ற ஊரின் மொழிக்கு உலகத்திலேயே உறவு மொழி கிடையாது. இந்த மையம் அந்த 19 ஊர்களும் சேர்ந்து நடத்துவது. 'புவெப்லோ பானை' என்று ஒன்று இல்லை, ஊருக்கு ஊர் மண் வேறு, கை வேறு என்பது இங்கே அரை மணி நேரத்தில் புரிந்துவிடும்.

திரும்பும் வழியில் பழைய டவுனில் ஒரு நினைவுப்பொருள் கடை. மண் விலங்குகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் முன்னாலும் சின்ன அட்டை. கரடி: வலிமை. ஆமை: நீண்ட ஆயுள். ஆந்தை: அறிவு. எனக்கு ஒரே சந்தோஷம். தேடி வந்தது முதல் நாளே கிடைத்துவிட்டதே! எல்லா அட்டையையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். அந்தச் சந்தோஷம் மறுநாள் மதியம் வரைதான்.

செப்டம்பர் 19, வியாழன் – சாண்டா ஃபே

சாண்டா ஃபே கிட்டத்தட்ட 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. காலையில் எழுந்தபோது இரண்டு பக்க நெற்றிப்பொட்டும் விண் விண்ணென்று தெறித்தது. காபி உதவவில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் உதவியது.

ஊர் நடுவில் 'ஆளுநர் மாளிகை' என்று 1610 வாக்கில் கட்டிய நீளமான மண் கட்டடம். அதன் தாழ்வாரத்தில் பழங்குடிக் கைவினைஞர்கள் சுவரோரமாகத் துணி விரித்து வரிசையாக உட்கார்ந்து விற்கிறார்கள். யார் வேண்டுமானாலும் கடை போட முடியாது. செய்தவர் அல்லது அவர் வீட்டார்தான் விற்கலாம். பொருளில் செய்தவரின் முத்திரை இருக்க வேண்டும். வருகிற கூட்டத்துக்கு இடம் போதாததால் தினமும் காலையில் சீட்டுக் குலுக்கல். கூவி அழைப்பதில்லை. நாம் குனிந்து பார்த்தால் ஒரு "ஹலோ", அவ்வளவுதான். வாங்காமல் நகர்ந்தாலும் முகம் சுளிப்பதில்லை. தி.நகரில் பழகிய எனக்கு இந்த அமைதி முதலில் பயமாகவே இருந்தது.

ஒரு அம்மாவின் துணியில் எலுமிச்சம்பழ அளவில் கறுப்புக் கரடி. கண்ணாடி மாதிரி பளபளப்பு. நான் போனில் இருந்த அட்டையை நினைத்துக்கொண்டு, "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டேன்.

அவர் கரடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கரடி" என்றார்.

பக்கத்துத் துணிக்காரர் சிரித்துவிட்டார். வீட்டுக்காரர் அடுத்த மூன்று நாளும் மரம், லாரி, காபிக் கோப்பை எதைப் பார்த்தாலும் "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டு என் உயிரை வாங்கினார்.

ஆனால் அந்த அம்மா அதோடு விடவில்லை. ஒரு கறுப்பு ஜாடியை எடுத்துக் கழுத்தடியில் பதித்திருந்த கரடிப் பாதத்தைக் காட்டினார். அவர் சாண்டா கிளாரா என்ற புவெப்லோவைச் சேர்ந்தவர். ஒரு காலத்தில் பெரும் வறட்சி. அப்போது கரடி ஒன்றுதான் அவர்கள் ஆட்களைத் தண்ணீர் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனது. அதனால்தான் தண்ணீர் வைக்கும் ஜாடியில் அதன் தடம். 'வலிமை' என்று அட்டையில் ஒரு சொல்லாகக் கிடந்தது இங்கே ஒரு தாகத்தின் கதையாக இருந்தது. கரடி 60 டாலர். நம் பழக்கத்தில் "கொஞ்சம் குறையுங்களேன்" என்று வாயெடுத்தேன். அவர் கோபப்படவில்லை. "இதைத் தேய்த்து மெருகேற்றவே ஒரு பகல் ஆகிவிட்டது" என்று மட்டும் சொன்னார். ஆற்றங்கரைக் கூழாங்கல்லால் தேய்க்க வேண்டுமாம். அவருடைய கல் அவர் பாட்டி கொடுத்தது. கறுப்பு நிறம் சாயமில்லை. சூளைத் தீ நன்றாகப் பிடித்ததும் மேலே காய்ந்த குதிரைச் சாணத்தைக் கொட்டி மூடிவிட்டால் காற்றுப் போகாமல் புகை மண்ணுக்குள் ஏறிவிடுகிறது. கேட்ட விலைக்கே வாங்கினேன். வெட்கத்தில் மீதிச் சில்லறையைக்கூட எண்ணவில்லை.

சாயங்காலம் பன்னாட்டு நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகம். இதில் பெரும்பகுதி அலெக்சாண்டர் ஜிரார்ட் என்ற வடிவமைப்பாளர் சேர்த்துக் கொடுத்தது. நான் தேடிப் போனது 'கதைசொல்லி' பொம்மை. உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள், மூடிய கண், திறந்த வாய், தோளிலும் மடியிலும் தொற்றிக்கொண்ட குழந்தைகள். கோச்சிட்டி ஊர்க்காரர் ஹெலன் கொர்டேரோ 1964-இல் முதலில் செய்தது. அவருக்குப் பானை வராதாம். எல்லாம் கோணலாகப் போக, உறவுக்காரப் பெண்தான் பொம்மை பண்ணிப் பாரேன் என்று சொல்லியிருக்கிறார். அதை வாங்க ஆரம்பித்த ஜிரார்ட், குழந்தைகளோடு பெரிதாக ஒன்று செய்து தரக் கேட்டார். கதை சொல்லியே ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்துவைத்திருந்த தன் தாத்தா சாந்தியாகோ கின்டானா, கொர்டேரோவுக்கு நினைவு வந்துவிட்டார். கண் ஏன் மூடியிருக்கிறது என்றால் தாத்தா யோசிக்கிறார். வாய் ஏன் திறந்திருக்கிறது என்றால் பாடுகிறார். இது கொர்டேரோவே சொன்ன விளக்கம்.

அதற்குப் பிறகு மற்ற ஊர்களும் கதைசொல்லி செய்ய ஆரம்பித்தன. பாட்டி வந்தாள். கரடி வந்தது, குட்டிகளைச் சுமந்த ஆமை வந்தது, தவளை வந்தது, ஆந்தை வந்தது. கொர்டேரோவுக்கு இதில் முழு மகிழ்ச்சி இல்லை. கதைசொல்லி என்று பெயர் வைக்கிறார்கள், அது என் தாத்தா என்பது தெரியவில்லையே என்று அவர் வருத்தப்பட்டிருக்கிறார். கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது எனக்கும் அந்த வருத்தம் தொற்றியது. ஆனால் குட்டிகளோடு வாய் பிளந்து பாடும் கரடியைக் கண்டால் பிடிக்காமலும் போகவில்லை. இரண்டும் உண்மைதான், என்ன செய்ய?

செப்டம்பர் 20, வெள்ளி – மழையில் ஒரு வீண் அலைச்சல்

இன்று ஒரு புவெப்லோவுக்குள் போவதாகத் திட்டம். ஊர் எல்லையில் சாலைக்குக் குறுக்கே தடுப்பு, கையால் எழுதிய பலகை: சடங்கு நடக்கிறது, வெளியார் வரக்கூடாது. இணையத்தில் முன்கூட்டியே போடுவதில்லை, போன் செய்து கேட்டிருக்க வேண்டும். எங்கள் தப்பு. தடுப்பருகே நின்ற இளைஞர் ரொம்ப மரியாதையாக, "நாளை மறுநாள் வாருங்கள்" என்றார். என்ன சடங்கு என்று கேட்க வாய் வந்தது. நேற்றைய கரடி ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன். பொதுவாகவே இந்த ஊர்களில் படம் எடுக்க, வரைய, பேச்சைப் பதிவு செய்யத் தடை அல்லது கட்டணம் உண்டு; நடனம் பார்க்கக் கிடைத்தாலும் கைதட்டக் கூடாது. அது நிகழ்ச்சி இல்லை, வழிபாடு.

திரும்பும்போது பிடித்தது மழை. ஆலங்கட்டி வண்டிக் கூரையில் தகரத்தில் கல்லெறிந்த மாதிரி விழுந்தது. ஒதுங்கிய இடத்தில் பொரித்த ரொட்டி வாங்கினோம். பூரியை நாலு மடங்கு தடிப்பாக்கினால் வருவது. மேலே தேன். 7 டாலர், இரண்டு பேருக்குத் தாராளம்.

மழை விடும் வரை நின்ற பழம்பொருள் கடையில் டெசூக்கி ஊரின் 'மழைக் கடவுள்' பொம்மைகள் ஒரு அலமாரி நிறைய இருந்தன. மடியில் பானையோடு உட்கார்ந்திருக்கும் குட்டி உருவம். பெயரைக் கேட்டால் பெரிய தெய்வம் போலத் தோன்றும். உண்மையில் 1880-இல் சாண்டா ஃபேவுக்கு ரயில் வந்த பிறகு, வியாபாரிகள் கேட்டுச் செய்யவைத்துக் கூடை கூடையாக ரயிலில் அனுப்பியவை இவை. சிகாகோ மிட்டாய்க் கம்பெனி ஒன்று மிட்டாயோடு இலவசமாகக்கூடக் கொடுத்திருக்கிறது. வாங்குகிறவனுக்கு அர்த்தம் வேண்டும். விற்கிறவன் ஒன்றை ஒட்டிவிடுகிறான். என் போனில் இருந்த அட்டைப் படங்கள் ஞாபகம் வந்தன.

கடைக்காரர் நல்ல மனிதர். வாங்காத எங்களுக்கே பாடம் எடுத்தார். சீட்டில் 'செராமிக்' என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் அச்சில் ஊற்றி எடுத்த கூட்டுக்குச் சாயம் பூசியது. கையால் செய்ததென்றால் சுவர் ஒரே தடிப்பாக இருக்காது, அடியில் செய்தவர் பெயரும் ஊர்ப் பெயரும் இருக்கும். பழங்குடியினர் செய்யாததைச் செய்தது என்று சொல்லி விற்றால் 1990-ஆம் வருடச் சட்டப்படி குற்றம்.

செப்டம்பர் 21, சனி – ஆக்கொமா

சமவெளியில் மேசை போல நிற்கும் பாறை, உயரம் 360 அடிக்கு மேல், உச்சியில் ஊர். வழிகாட்டியோடுதான் ஏற முடியும். மின்கம்பியும் குழாய்த் தண்ணீரும் மேலே கிடையாது. பாறைக் குழிகளில் தேங்கிய மழைநீர்தான் அந்தக் காலத்தில் குடிநீர். 17-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்று இருக்கிறது. அதன் உத்திரங்களைத் தொலைதூர மலையிலிருந்து தோளில் சுமந்து வந்த கதையை வழிகாட்டிப் பெண் சொன்னபோது அவர் குரலில் பெருமையை விடக் களைப்புதான் இருந்தது.

காற்று! தொப்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டே நடந்தோம். வீட்டு வாசல்களில் மடக்கு மேசை போட்டுப் பானைகள். ஆக்கொமா பானையின் சுவர் அப்பளம் மாதிரி. உடைந்த பழைய ஓடுகளை அரைத்துப் புது மண்ணில் கலக்கிறார்கள். அப்போதுதான் சுடும்போது வெடிக்காது. அந்தப் பழைய பானையிலும் அதைவிடப் பழையதன் தூள் இருந்திருக்கும். யூக்கா இலையின் நுனியை மென்று நார் பிரித்துத் தூரிகை ஆக்கி, தலைமுடி தடிப்பில் கோடு போடுகிறார்கள்.

ஒரு மேசையில் பத்து வயதுப் பையன். அவன் அம்மாவின் பானைகளுக்கு முன்னால் அவனுடைய சொந்தச் சரக்கு: நான்கு ஆமைகள், ஒன்று 10 டாலர். அவற்றில் ஒன்றுக்கு மூன்று கால்கள்தான்.

"இது?" என்றேன்.

"அது 8 டாலர்."

வாங்கினேன். நீண்ட ஆயுளா என்று நான் கேட்கவில்லை. அவனாகவே, "ஆமை வந்தால் மழை வரும்" என்றான். அம்மா உள்ளேயிருந்து ஏதோ அவர்கள் மொழியில் சொன்னார். அவன் வாயை மூடிக்கொண்டான். சொல்லக்கூடாததா, இல்லை தப்பாகச் சொன்னானா?

செப்டம்பர் 22, ஞாயிறு – கேலப்

மேற்கே 53-ஆம் சாலை. எரிமலைக் குழம்பு உறைந்த கறுப்பு வெளி, பிறகு எல் மோரோ பாறை. ஸ்பானிய ஆளுநர் ஓன்யாதே 1605-இல் இந்தப் பக்கம் வந்து போனதாகத் தன் பெயரை அதில் வெட்டி வைத்திருக்கிறார். அவருக்கு எத்தனையோ காலம் முன்பே அதே பாறையில் ஆடுகளையும் கைகளையும் செதுக்கியவர்கள் பெயர் எழுதவில்லை.

ராத்திரி கேலப்பில் தங்கல். ஜன்னலுக்கு நேர் எதிரே சரக்கு ரயில் பாதை. மணிக்கு மூன்று ரயில், ஒவ்வொன்றும் முடிவே இல்லாமல். தூக்கம் போனது போனதுதான். வரவேற்பில் இருந்த, நவாஹோ என்ற வேறொரு பழங்குடியைச் சேர்ந்த பெண்ணிடம் நாளை ஜூனிக்கு ஆந்தை பொம்மை வாங்கப் போகிறோம் என்றேன். அவர் கை விசைப்பலகையில் அப்படியே நின்றது. "எங்கள் வீட்டுக்குள் அதைக் கொண்டுவர மாட்டோம்" என்றார். அவர்களுக்கு ஆந்தை கெட்ட செய்தியைக் கொண்டுவரும் பறவை.

அம்மாவுக்குப் போன் செய்தேன். "ஆந்தையையா? விளக்கு வைக்கிற வீட்டுல? உனக்குப் புத்தி போச்சா?" என்றாள். கேலப்பும் காரைக்குடியும் ஒரே கட்சி.

செப்டம்பர் 23, திங்கள் – ஜூனி

ஜூனியில் முதலில் சுற்றுலா அலுவலகம் போய்ப் பதிவு செய்து, எங்கே போகலாம், எங்கே கூடாது என்று கேட்டுக்கொண்டோம். அடுப்பில் வெந்த புளித்த மாவு ரொட்டி ஒன்று வாங்கினோம். வெளியே மண் கூண்டு மாதிரி அடுப்பு, உள்ளே தேவதாரு விறகின் மணம். வெறும் ரொட்டியையே வண்டியில் கிள்ளிக் கிள்ளித் தின்று தீர்த்தோம்.

விசாரித்துப் போன வீடு ஒரு குயவர் அம்மாவுடையது. எழுபது வயதிருக்கும். சமையல் மேசையில் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் ஈரத்துணிக்கடியில் மண். டீவியில் சத்தமில்லாமல் கால்பந்து. சக்கரம் கிடையாது. புவெப்லோக்களில் பானைக்குச் சக்கரம் பழக்கமில்லை. ஒரு உருண்டையைக் கிள்ளிக் கிண்ணமாக்கினார், இன்னொன்றையும். இரண்டையும் வாயோடு வாய் வைத்து ஒட்டினார். உள்ளே வெற்றிடம் உள்ள முட்டை. அதைத் தட்டி, இழுத்து, இரண்டு கொம்பு மாதிரிக் காது, மூக்கு, பக்கத்தில் சிறகு. பத்து நிமிடத்தில் ஆந்தை முறைத்தது. முதுகில் கடலை அளவில் மூன்று குஞ்சுகள்.

அப்புறம் ஒரு பல்குச்சியை எடுத்து அடியில் துளை போட்டார். "இது இல்லாவிட்டால் சூட்டில் வெடித்துவிடும். உள்ளே இருக்கும் காற்று எங்கே போகும்?" குத்தும்போது ஒரு துணுக்கு மண் உள்ளே விழுந்துவிட்டது. எடுக்கவில்லை. "சிலதில் அப்படித்தான். காய்ந்தால் உள்ளே உருளும்." முன்பெல்லாம் ஆட்டுச் சாணத்தில் வெளியே சுட்டார்கள், இப்போது கொட்டகையில் மின்சூளை என்றார். அதில் அவருக்குக் கூச்சம் ஒன்றுமில்லை.

அலமாரியில் சுட்டு முடிந்தவை இருந்தன. வெள்ளைப் பூச்சின்மேல் கறுப்பும் செம்பழுப்புமாக மீன்செதில் மாதிரி இறகு. ஒரு ஜாடியில் மான்; வாயிலிருந்து நெஞ்சுவரை ஒரு சிவப்புக் கோடு, முனையில் அம்பு. "அது மூச்சு" என்றார். ஜூனி ஆந்தை புதிதாகச் சந்தைக்கு வந்தது இல்லை. 1879-இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்காக ஜேம்ஸ் ஸ்டீவன்சன் என்பவர் இந்த ஊரிலிருந்து ஆயிரக்கணக்கில் பொருட்களை அள்ளிப்போனபோதே அதில் மண் ஆந்தைகள் இருந்தன.

நான் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்று முடிவோடு போயிருந்தேன். நவாஹோ பெண் சொன்னதையும் அம்மா சொன்னதையும் மட்டும் சொன்னேன். சிரித்தார். "என் பாட்டி, குழந்தை தூங்காவிட்டால் தொட்டிலில் ஆந்தை இறகு வைப்பாள். நாம் தூங்கும்போது விழித்திருப்பது அதுதானே? வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டாமா?" கொஞ்சம் நிறுத்தி, "இன்னும் இருக்கிறது, அதெல்லாம் உங்களுக்கு இல்லை" என்றார். சொன்ன விதத்தில் கதவைச் சாத்திய சத்தமே இல்லை. டீ வேண்டுமா என்று கேட்டார்.

140 டாலர் சொன்னார், கொடுத்தேன். பழைய செய்தித்தாளில் சுற்றி, காதுக்கு மட்டும் தனியாக ஒரு பந்து காகிதம் வைத்துக் கட்டிக்கொடுத்தார்.

செப்டம்பர் 24, செவ்வாய் – விமான நிலையம்

மூன்று கால் ஆமையின் இன்னொரு கால் பெட்டியில் உடைந்துவிட்டது. இனி அது உட்காரும், நிற்காது. கரடிக்கு ஒன்றுமில்லை. ஆந்தையைக் கைப்பையில் மடியிலேயே வைத்திருந்தேன்.

பாதுகாப்புச் சோதனையில் நிறுத்தினார்கள். காவலர் கையுறை போட்டுக்கொண்டு செய்தித்தாளைப் பிரித்தார், ஆந்தையை எடுத்து மெதுவாகச் சாய்த்தார். கடகடவென்று சத்தம்.

"உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது, மேடம்" என்றார் வருத்தமாக.

"இல்லை, அது அதனுடையதுதான்" என்று சொல்லி அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். அவர் துளையில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். வெளிச்சத்துப் பக்கம் திருப்பி மறுபடி பார்த்தார்.

"ஒன்றும் தெரியவில்லையே" என்றார்.

எனக்குப் பின்னால் நின்ற வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். திரும்பி முறைத்தேன். பெல்ட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.